அண்ணி எடுத்த போன்

அந்த ஆபீஸ்ல அவளுக்குப் பேரு பூனை. மாடிப்படி ஏறி வந்தா சத்தமே கேக்காது. பின்னாடி வந்து நின்னு "அக்கா"ன்னு சொன்னா ஆளுக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால வச்ச பேரு. வயசு இருபத்தி நாலு. இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆகுது, சித்தி வீட்டுலதான் இருக்கா. "ஏதோ வக்கீல் ஆபீஸ்ல போன் எடுக்கற வேலை"ன்னு சித்தி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதைப் பொய்னும் சொல்ல முடியாது. வக்கீல் இருக்காங்க, போனும் இருக்கு. அது என்ன ஆபீஸ்ங்கறது மட்டும்தான் சித்திக்குத் தெரியாது.

கீழ துணி துவைக்கற மெஷின் கடை, மேல இவங்க. ஆம்பளையை விரும்பற ஆம்பளைங்க, பொண்ணை விரும்பற பொண்ணுங்க, திருநங்கைங்க, திருநம்பிங்க, இவங்க எல்லாருக்காகவும் மாநிலம் முழுக்க வேலை பாக்கற சங்கம். மாநிலம் முழுக்கன்னு சொன்னா என்னமோ பெரிய கட்டடம்னு நினைச்சுக்காதீங்க. மூணு மேஜை, தட்டினாத்தான் பேப்பர் இழுக்கற ஒரு பிரிண்டர், ஒரு லேண்ட்லைன். கீழ மெஷின் சுத்த ஆரம்பிச்சா மேல இருக்கற டம்ளர் எல்லாம் தானா நகரும்.

சட்டசபையில ஒரு சட்டம் வந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தர் இப்படிப்பட்டவர்னு தெரிஞ்ச ஒரே காரணத்துக்காக அவரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, வாடகை வீட்டை விட்டுக் கிளப்பக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதை முதல்ல ஒன்பது பேர் இருக்கற கமிட்டி பாத்து ஓட்டுப் போடணும். அதுல தாண்டலைன்னா குப்பைத் தொட்டி. நாலு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. ஒன்பதாவது ஆளு முன்னாடி ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்தவரு. அவரு சொல்லிட்டாரு, "வக்கீலுங்க பேசி காது புளிச்சுப் போச்சு. என் தொகுதியில வேலை போன ஒரு ஆளைக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் பாக்கறேன்."

அவரு தொகுதியில அப்படி இருந்தது ஒரே ஆளு. பேக்கரிக்காரர். பதினோரு வருஷம் ஒரே பேக்கரியில மாவு பிசைஞ்சவரு, முப்பத்தி ஆறு வயசு. அண்ணன் வீட்டுல இருக்காரு. வேலை போனதுக்கப்புறம் ஒரு கிடங்குல ராத்திரி ஷிப்ட். ஆறு மாசமா வியாழக்கிழமை தவறாம இந்த மாடிக்கு வந்து, வக்கீலம்மா எதிர்ல உக்காந்து, என்ன நடந்துச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பழகினாரு. ஒரே ஒரு நிபந்தனைதான் வச்சாரு. "பேரு வரக் கூடாது, கதவைச் சாத்தி வச்சுத்தான் பேசுவேன். எங்க வீட்டுல நான்தான் சொல்லுவேன். முதல்ல அண்ணிகிட்ட, அப்புறம் அண்ணன்கிட்ட. வேற யார் வாயிலேர்ந்தும் அவங்களுக்குப் போகக் கூடாது."

விசாரணை அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு.

காலைல பத்து மணிக்கு சட்டசபை குமாஸ்தா போன் பண்ணினாரு. சாட்சி ஒன்றரைக்குள்ள வந்து பாரம் நிரப்பணுமாம், ஒண்ணே முக்காலுக்குள்ள பாரம் உள்ள போகலைன்னா பேரை அடிச்சிருவாங்களாம். வக்கீலம்மா லேண்ட்லைன்ல அந்தக் குமாஸ்தாகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டே பூனையைப் பாத்துக் கண்ணைக் காட்டினாங்க. பேக்கரிக்காரருக்குச் சொல்லு, அதுதான் அர்த்தம்.

இந்த ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை, பழைய பிஸ்கட் டப்பாவுல வரிசையா நிக்கும். அட்டையில மூணு வரி. ஆளை என்ன பேரு சொல்லிக் கேக்கணும், வீட்டுல வேற யாரு போனை எடுப்பாங்க, மூடி என்ன. மூடின்னா, வேற ஆளு எடுத்தா நாங்க எங்கேருந்து பேசறோம்னு சொல்லிக்கற பொய். ஒருத்தருக்கு கண்ணாடிக் கடை, ஒருத்தருக்கு லைப்ரரி, ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் கிளாஸ். மூடி மாறினா பழைய அட்டையைக் கிழிச்சுட்டுத்தான் புதுசு எழுதணும். சொந்த போன்லேர்ந்து கூப்பிடக் கூடாது, லேண்ட்லைன்லதான் நம்பர் தெரியாம மறைச்சு வச்சிருக்காங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி பக்கத்து மேஜையைப் பாத்து ஒரு தடவை மூடியைச் சத்தமா சொல்லணும். இதெல்லாம் பூனைக்குத் தலைகீழாத் தெரியும். புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே அவதான்.

ஆனா லேண்ட்லைன்ல வக்கீலம்மா. மணி பத்தேகால். அவ அட்டையை உருவினா, படிச்சா, சொந்த போனை எடுத்து நம்பரைத் தட்டினா. பக்கத்து மேஜையில டிரைவரக்கா. திருநங்கை, காலைல சிட்டி பஸ் ஓட்டிட்டு யூனிபார்மோட வந்து உக்காந்து கவர் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

பேக்கரிக்காரர் ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூங்கற நேரம். போன் ஹால்ல சார்ஜ்ல கிடக்கும். அடிச்சா அண்ணிதான் எடுப்பாங்க. எடுத்தாங்க.

"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. இன்னைக்கு ரெண்டு மணி அப்பாயின்ட்மென்ட் இருக்கு இல்ல, கொஞ்சம் முன்னாடியே, ஒண்ணேகாலுக்கே வந்துட்டா நல்லா இருக்கும்."

அந்தப் பக்கம் குழாய்ல தண்ணி கொட்டற சத்தம். அப்புறம் அது நின்னுச்சு.

"ரெண்டு மணிக்கா?"

"ஆமாங்க."

"நேத்து சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல்லேர்ந்து ஒருத்தங்க பேசினாங்க. அதுவும் இன்னைக்கு ரெண்டு மணிதான். ஒரே நேரத்துல பல்லையும் காட்டிக்கிட்டு வண்டியும் ஓட்டுவானா எங்க தம்பி?"

பூனை பட்டுன்னு போனைக் கட் பண்ணிட்டா. இது மூணாவது தப்பு. நல்ல ஆஸ்பத்திரி எதுவும் அப்படிக் கட் பண்ணாது.

"யாருடி, என்ன ஆச்சு?"ன்னு டிரைவரக்கா கவரைக் கீழ வச்சாங்க. அட்டையை வாங்கிப் பாத்தாங்க. டப்பாவுல கையை விட்டு அதுக்குப் பின்னாடி இருந்த இன்னொரு அட்டையை எடுத்தாங்க. அதுல அவங்க கையெழுத்து. மூடி, டிரைவிங் ஸ்கூல்.

"நேத்து அவரே கூப்பிட்டாரு, இனிமே பல்லு வேண்டாம்னு. அந்த அண்ணி வாயைத் திறடான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டாங்களாம். சொத்தையே இல்லையேன்னு கேட்டாங்களாம். சரின்னு புதுசு எழுதி, சாயங்காலம் நானே அப்படிப் பேசினேன். பழசைக் கிழிக்கறதுக்குள்ள பஸ் டிப்போவுல இருந்து போன் வந்துச்சு." நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "நாசமாப் போச்சு. நீ எந்த போன்ல கூப்பிட்ட?"

பூனை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. மேஜை மேல அவ போன் உறுமிக்கிட்டு நகர ஆரம்பிச்சுது. தெரியாத நம்பர். அண்ணி இந்த நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டுத் தன் போன்லேர்ந்து கூப்பிடறாங்க.

வக்கீலம்மா லேண்ட்லைன்ல பேசிக்கிட்டே ஒரு கையைத் தூக்கி இருன்னு காட்டினாங்க. டிரைவரக்கா, "எடுக்கலைன்னா அடுத்த போன் அண்ணனுக்குத்தான் போகும்"னாங்க. பூனை போனைத் தூக்கிக்கிட்டு மாடிப்படிக்கு ஓடினா.

"ஏம்மா, கட் பண்ணிட்டா எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் உன்னைத் திட்ட வரல. நீ பல் ஆஸ்பத்திரியும் இல்ல, அந்தம்மா டிரைவிங் ஸ்கூலும் இல்ல. சரிதானே?"

பூனை படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

"ஆறு மாசமாப் பாக்கறேன். வியாழக்கிழமை வந்தா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு, ஷேவ் பண்ணிக்கிட்டு எங்கயோ போறான். வந்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு நாள் அழுதுட்டு வந்த மாதிரி இருந்தான். எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நான் இந்த வீட்டுக்கு வரும்போது அவனுக்குப் பன்னெண்டு வயசு." குரலை இறக்கினாங்க. "நீதானா அது? அவன் விரும்பற பொண்ணு?"

கீழ கடையில மெஷின் வேகம் எடுத்துச்சு. படிக்கட்டோட இரும்புக் கம்பி கையில அதிர்ந்துச்சு. பூனைக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரிஞ்சுது. ஒரே ஒரு எழுத்து சொன்னாப் போதும். அண்ணி சந்தோஷமா இருப்பாங்க, கேள்வி நின்னுரும், அவரு ரெண்டு மணிக்குப் போய்ப் பேசிட்டு வந்துருவாரு. மூடிமேல மூடி, அவ்வளவுதானே. நாளைக்குப் பாத்துக்கலாம்.

"ம்"னு சொன்னா.

"எனக்குத் தெரியும்"னாங்க அண்ணி. குரல்ல அப்படி ஒரு குளிர்ச்சி. "குரலே நல்லா இருக்கே. எங்க வீட்டுக்காரரு எவ்வளவு நாளாப் புலம்பறாரு, தம்பிக்கு ஒரு வழி பண்ணணும்னு. சரி சரி, நான் எதுவும் கேக்கல. ஒண்ணேகாலுக்குத்தானே? அனுப்பி வைக்கறேன்."

"அக்கா, அண்ணன்கிட்ட மட்டும் இப்ப..."

"சொல்லல, சொல்லல."

ரெண்டு தடவை சொன்னாலே சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். பூனையோட சித்தியும் அப்படித்தான்.

உள்ள வந்து சொன்னதும் டிரைவரக்கா "அடிப்பாவி"ன்னாங்க. சிரிப்பு பாதி, பயம் பாதி. "ஆறு மாசம் அந்த மனுஷன் பொண்ணு வேண்டாம்னு சொல்லப் பழகியிருக்காரு. நீ ஒரே நிமிஷத்துல பொண்ணாவே போய் நின்னுட்டியே."

வக்கீலம்மா போனை வச்சாங்க. அவங்க கத்தற ஆளு இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, அது கத்தறதை விட மோசம். "முதல்ல அவருக்குத் தெரியணும். அண்ணி சொல்றதுக்கு முன்னாடி."

கூப்பிட்டாங்க. பிஸி. மறுபடி கூப்பிட்டாங்க, ஸ்விட்ச் ஆப். மெசேஜ் போட்டா அண்ணிதான் படிப்பாங்க. வீட்டுக்குப் போய் நின்னா இன்னும் கெட்டுது. மணி பதினொண்ணு, பதினொன்றரை, பன்னெண்டு. பூனை சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாத்துட்டு மூடிட்டா.

சட்டசபைக் கட்டடத்துல கமிட்டி ரூம் ரெண்டாவது மாடியில. நீள வராந்தா, சுவத்தோரமா மரப் பெஞ்ச், ஒரு கோடியில ஜன்னல், இன்னொரு கோடியில மேஜை போட்டு அந்தக் குமாஸ்தா. அவரு தலைக்கு மேல கடிகாரம். காவல்காரர் எல்லார் பையையும் திறந்து பாத்துட்டு டிரைவரக்காவோட டிபன் பாக்ஸை மட்டும் ரெண்டு தடவை பாத்தாரு. "பசிக்குதுன்னா சொல்லுங்க சார், பங்கு தர்றேன்"னாங்க டிரைவரக்கா. அவரு சிரிக்கல.

ஒண்ணு இருபதுக்கு பேக்கரிக்காரர் வந்தாரு. நெட்டையான ஆளு, மாவு பிசைஞ்ச கை, தோள்பட்டை எல்லாம் அகலம். ஆனா அன்னைக்கு என்னமோ அளவு பெரிய சட்டைக்குள்ள நிக்கற மாதிரி இருந்தாரு. நேரா பூனைகிட்ட வந்தாரு.

"நீயா?"

"அண்ணா, நான்..."

"எழுப்பினதே அவங்கதான். வாயெல்லாம் பல்லு. 'பொண்ணு குரல் நல்லா இருக்குடா, ஏன்டா என்கிட்ட மறைச்ச'ன்னாங்க. தலையைத் தடவினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. யாரு, எந்தப் பொண்ணுன்னு கேட்டேன். 'நடிக்காதடா'ன்னாங்க." அவரு சத்தம் போடல. மெதுவாத்தான் பேசினாரு, அதனாலயே வராந்தா முழுக்கக் கேட்ட மாதிரி இருந்துச்சு. "எனக்கு இருக்கற ஒரே ஆளு அவங்க. கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை நாள் பேசிப் பாத்திருக்கேன் தெரியுமா? எந்த வார்த்தையில ஆரம்பிக்கறது, அவங்க முகம் எப்படி மாறும், அதுக்கு நான் என்ன சொல்றது. ஒவ்வொண்ணா யோசிச்சு வச்சிருந்தேன். இன்னைக்கு அவங்க அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. இப்ப நான் சொல்லணும்னா அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிட்டுத்தான் சொல்லணும்."

"தப்பு என்னோடதுதான் அண்ணா."

"உன்னோடதுதான். அதை வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

வக்கீலம்மா பாரத்தை நீட்டினாங்க. அதுல ரெண்டு கட்டம். கதவைத் திறந்து வச்சு, கதவைச் சாத்தி வச்சு. கீழ கையெழுத்து. அவரு அதை வாங்கவே இல்ல.

"நான் உள்ள போகல. அங்க போய் நிஜம் பேசறேன்னு கையெழுத்துப் போடணும், வீட்டுல பொய்யை உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். நாக்கு வராது எனக்கு."

வக்கீலம்மா கெஞ்சுவாங்கன்னு பூனை நினைச்சா. அவங்க, "சரி. வரலைன்னு சொல்லிடறேன்"னு திரும்பினாங்க. "அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் உக்காருங்க." மணி ஒண்ணு இருபத்தெட்டு.

டிரைவரக்கா அவரு பக்கத்துல உக்காந்து ஒண்ணும் பேசாம டிபன் பாக்ஸை மடியில வச்சுக்கிட்டாங்க. பூனை நின்னுக்கிட்டே இருந்தா.

"நான் போன் பண்ணி இல்லைன்னு சொல்லிடறேன் அண்ணா. நான் சொன்ன பொய், நானே எடுத்துடறேன்."

"எப்படி எடுப்ப? நீ அவ இல்லைன்னா அப்போ யாருன்னு கேப்பாங்க. எதுக்குக் கூப்பிட்டன்னு கேப்பாங்க. எங்க அண்ணி விடற ஆளு இல்ல. அப்போ என்ன சொல்லுவ? இன்னொரு மூடியா?"

பூனை யோசிச்சா. அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா அது அவரோட கதவை இவ உடைக்கறது. சொல்லாம விட்டா இவ பூட்டின பூட்டு அப்படியே தொங்கும். அவ ஜன்னல் வரைக்கும் போனா, வந்தா. அவரைப் பத்திச் சொல்லக் கூடாது, சரி. யாரைப் பத்திச் சொல்லலாம்? இந்த வராந்தாவுல அவ யாரைக் கேக்காம யாரைப் பத்திச் சொல்ல முடியும்? ஒரே ஆளைப் பத்தித்தான்.

போனை எடுத்து அண்ணி நம்பரைத் தட்டினா. பேக்கரிக்காரர் எழுந்து பக்கத்துல வந்து நின்னாரு, பிடுங்கிடற மாதிரி.

"சொல்லும்மா. வந்துட்டானா?"

"வந்துட்டாருக்கா. அக்கா, நான் காலைல உங்ககிட்டப் பொய் சொன்னேன். நான் அவரை விரும்பல. அவரும் என்னை விரும்பல. நீங்க கேட்டப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, ம்னுட்டேன்."

"என்னம்மா சொல்ற? சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லக்கா. என்னால அவரை விரும்ப முடியாது." வராந்தாவுல யாரோ செருப்பைத் தேச்சுக்கிட்டு நடந்து போனாங்க. அவங்க போற வரைக்கும் காத்திருந்தா. "எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எங்க அம்மா அப்பாவுக்குத் தெரியாது, இங்க எங்க சித்திக்கும் தெரியாது. எங்களை மாதிரி ஆளுங்களுக்காக ஒரு சங்கம் இருக்கு, அங்க நான் போன் பண்ற வேலை பாக்கறேன். குடும்பம்னு இருக்கற ஒரு ஆளுகிட்ட இதை நான் சொல்றது இதுதான் முதல் தடவை. அதுவும் உங்க முகத்தைக் கூடப் பாத்ததில்ல. மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் எங்கயோ ஒரு பாத்திரத்தைக் கீழ வைக்கற சத்தம் மட்டும்.

"சங்கத்துலேர்ந்து எங்க தம்பிக்கு எதுக்கு..." கேள்வி பாதியில நின்னுச்சு. முடிக்க வேண்டாம்னு அவங்களே நிறுத்தின மாதிரி இருந்துச்சு.

"அவரைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்க்கா. அது என் வாயால வரக் கூடாது. அவரு பக்கத்துலதான் நிக்கறாரு."

"குடு அவன்கிட்ட."

அவ போனை நீட்டினா. அவரு அதைப் பாத்துக்கிட்டே நின்னாரு. ஒண்ணு முப்பத்திரெண்டு. அப்புறம் வாங்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போனாரு. இவங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சுது.

"அண்ணி." அந்தப் பக்கம் பேசறதைக் கேட்டாரு. "ஆமா." மறுபடி கேட்டாரு. "ஆமா அண்ணி. அதுக்குத்தான் பேக்கரியில தூக்கினாங்க. லேட்டா போனதுக்கு இல்ல." நெத்தியை ஜன்னல் கண்ணாடியில வச்சுக்கிட்டாரு. "பத்து பதினஞ்சு வயசுலேர்ந்தே தெரியும்... இல்ல, நீங்க வளத்ததுல ஒண்ணும் தப்பு இல்ல... இல்ல அண்ணி, டாக்டர்கிட்ட எல்லாம் போக வேண்டியதில்ல, இது நோய் இல்ல... நான் அழல, நீங்கதான் அழறீங்க... எப்போ சொன்னீங்க?" இந்த இடத்துல முதுகு நிமிந்துச்சு. "காலைலயேவா? எத்தனை பேருக்கு?"

டிரைவரக்கா பூனையைப் பாத்தாங்க. பூனை கண்ணை மூடிக்கிட்டா.

அவரு திரும்பி வரும்போது ஒண்ணு நாப்பது. முகம் எல்லாம் ஈரம், சட்டைக் கையில துடைச்சுக்கிட்டாரு. "அண்ணன்கிட்டச் சொல்லியாச்சாம், பொண்ணு இருக்குன்னு. அவரு வேலை செய்யற இடத்துல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டாராம்." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு மாதிரி சிரிப்பு வந்து பாதியில நின்னுச்சு. வக்கீலம்மாகிட்ட கையை நீட்டினாரு. "குடுங்க அந்தப் பாரத்தை. கதவு சாத்தித்தான். அண்ணனுக்கு நான் இன்னும் சொல்லல."

கையெழுத்துப் போடும்போது பேனா எழுதல. பூனை தன் பேனாவைக் குடுத்தா, அதுவும் எழுதல. குமாஸ்தா தன் மேஜையிலேர்ந்து ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டுக் கடிகாரத்தைப் பாத்தாரு. ஒண்ணு நாப்பத்தி மூணு.

சாட்சிகூட ரெண்டு பேர் உக்காரலாம்னு விதி. வக்கீலம்மா ஒரு பக்கம். இன்னொரு நாற்காலிக்கு அவரு பூனையைப் பாத்துத் தலையை அசைச்சாரு. மன்னிச்சுட்டாருன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. வந்து உக்காருன்னு மட்டும்தான் அர்த்தம்.

கமிட்டி ரூம் அவ நினைச்சதை விடச் சின்னது. லாட வடிவத்துல மேஜை, ஒன்பது பேர், ஒன்பது தண்ணி பாட்டில். ஹெட்மாஸ்டர் கோடியில உக்காந்து பென்சில் சீவிக்கிட்டு இருந்தாரு. கதவைச் சாத்தினாங்க. பேக்கரிக்காரர் ஆறு மாசமாப் பழகினதை எல்லாம் விட்டுட்டு வேற மாதிரி பேசினாரு. வக்கீலம்மா பேப்பர்ல விரலை வச்சுத் தொடர்ந்து பாத்தவங்க, ரெண்டாவது வரியில பேப்பரை மடிச்சு வச்சுட்டாங்க.

விடியக் காலைல மூணு மணிக்கு மாவு பிசைய ஆரம்பிப்பாருன்னு சொன்னாரு. பஸ் ஸ்டாப்ல ஒருத்தரோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை முதலாளி பாத்தாருன்னு சொன்னாரு. மறுநாள் ஏப்ரனைக் கழட்டி வைக்கச் சொன்னாராம்.

"என்ன காரணம் சொன்னாரு?"ன்னு கேட்டாரு ஹெட்மாஸ்டர்.

"நீ தொட்ட மாவை ஜனங்க எப்படிய்யா சாப்பிடுவாங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினோரு வருஷம் சாப்பிட்டாங்களே சார்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்ல வரல."

எதிர்ப்பு வரிசையில ஒருத்தர், வேலைக்கு லேட்டா வந்ததாத்தானே முதலாளி எழுதியிருக்காருன்னு கேட்டாரு. வக்கீலம்மா வருகைப் பதிவேட்டு நகலை நீட்டினாங்க. அது மேஜையைச் சுத்திப் போச்சு. கடைசியா ஹெட்மாஸ்டர்கிட்ட வந்துச்சு. அவரு அதை ஒவ்வொரு வரியா, மார்க் ஷீட் பாக்கற மாதிரி பாத்தாரு. நிமிந்தாரு.

"வீட்டுல இதெல்லாம் தெரியுமா?"

வக்கீலம்மா பாதி எழுந்துட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு சொல்லத்தான். பேக்கரிக்காரர் அதுக்குள்ள வாயைத் திறந்துட்டாரு.

"ஒருத்தருக்குத் தெரியும் சார். அரை மணி நேரமாத் தெரியும்."

யாரோ சிரிச்சுட்டு உடனே அடக்கிக்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் சிரிக்கல. "என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க. கோவமா வருத்தமான்னு அவங்களுக்கே தெரியலையாம். அப்புறம், போனை வைக்கறதுக்கு முன்னாடி, உள்ள போய்ப் பேசுடா, பேசும்போது தலையைக் குனிஞ்சுக்காதன்னாங்க."

பூனை பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவரு குனியல.

ஓட்டு எடுக்கும்போது சாட்சிங்களை வெளிய அனுப்பிட்டாங்க. பதினெட்டு நிமிஷம். டிரைவரக்கா டிபன் பாக்ஸைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினாங்க, யாரும் எடுக்கல. கதவு திறந்தப்ப குமாஸ்தா ஒரு பேப்பரை நோட்டீஸ் போர்டுல குத்திட்டுப் போனாரு. அஞ்சுக்கு நாலு. ஹெட்மாஸ்டர் பேருக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு, "சபைக்கு அனுப்ப மட்டும் சம்மதம். அங்கே என் ஓட்டு எப்படி என்பதை இப்போது சொல்வதற்கில்லை." வக்கீலம்மா அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, "போதும். இன்னைக்கு இது போதும்"னு பெஞ்ச்ல உக்காந்துட்டாங்க. காலைலேர்ந்து அவங்க நிம்மதியா உக்காந்து பூனை பாக்கறது அதுதான் முதல் தடவை.

பேக்கரிக்காரர் அப்பத்தான் தன் போனை ஆன் பண்ணினாரு. அது நிக்காம அதிர்ந்துச்சு. அண்ணன், ஏழு மிஸ்டு கால்.

"அண்ணிகிட்டக் கேட்டிருப்பாரு, பொண்ணு யாரு, எந்த ஊருன்னு. அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அதான் என்னைக் கூப்பிடறாரு." போனைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. "இங்க ஒன்பது பேர். வீட்டுல ஒரே ஆளு. ஒரே ஓட்டு."

"நானும் வரட்டுமா அண்ணா?"ன்னு கேட்டா பூனை. "பேச இல்ல. நீங்க பேசி முடிச்சதுக்கப்புறம், அந்தப் பொண்ணு நான்தான்னு சொல்ல. நான் சொன்ன பொய்க்கு அவரு உங்க மேல கோவப்படக் கூடாது. உங்க மேல கோவப்பட அவருக்கு வேற காரணம் இருக்கும், இதுவும் சேர வேண்டாம்."

அவரு போனைச் சட்டைப் பையில போட்டாரு. "அடி விழுந்தா?"

"உங்களுக்கா எனக்கா?"

"யாருக்குன்னு தெரியாது. எங்க அண்ணன் இதுவரைக்கும் என்னைக் கை நீட்டினதில்ல. இந்த மாதிரி விஷயமும் இதுவரைக்கும் வந்ததில்ல."

"தெரு முனையில நான் நிக்கறேன்"னாங்க டிரைவரக்கா, டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே. "யூனிபார்மோட நின்னா பஸ்ஸுக்கு நிக்கறேன்னு நினைச்சுக்குவாங்க. ஏதாச்சும்னா ஒரு மிஸ்டு கால் குடு. ராத்திரி தங்க என் வீட்டுல ரூம் இருக்கு."

மூணு பேரும் படி இறங்கினாங்க. பாதிப் படியில பூனை நின்னு சித்திக்குப் போன் போட்டா. சித்தி வழக்கம் போல, "எங்க இருக்க, எத்தனை மணிக்கு வருவ, யாரோட இருக்க?"ன்னு மூணையும் ஒரே மூச்சுல கேட்டாங்க.

"லேட் ஆகும் சித்தி. ஒருத்தர் வீட்டுக்குப் போறேன்."

"யாரு வீட்டுக்கு? ஆபீஸ் வேலையா?"

ஆமான்னு சொல்லலாம். ரொம்ப சுலபம். பூனை கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டா. கீழ ரெண்டு பேரும் திரும்பிப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

"வேலைதான். ஆனா அது என்ன வேலைன்னு நான் உங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. நேர்ல சொல்றேன். நான் வர்ற வரைக்கும் தூங்காதீங்க சித்தி."

"ஏன்டி, பயமுறுத்தற?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. வந்துடறேன்."

போனை வச்சுட்டு இறங்கினா. அவரு போன் எட்டாவது தடவை அடிச்சுது. இந்தத் தடவை எடுத்துட்டாரு.

"அண்ணே. இல்ல, ஓடிப் போகல, எங்க ஓடப் போறேன்... வீட்டுக்குத்தான் வர்றேன். நீ எங்கயும் போகாம இரு. அண்ணியையும் கூட உக்கார வச்சுக்க." மத்தியான வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு ரோட்டைப் பாத்தாரு. பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு. "ஆமா அண்ணே, அந்தப் பொண்ணும் வருது. நீ நினைக்கற மாதிரி இல்ல. நான் பேசி முடிக்கற வரைக்கும் நீ எதுவும் பேசாம இருப்பியா, அதை மட்டும் சொல்லு."

பஸ் வந்து நின்னுச்சு. டிரைவரக்கா ஏறிக் கதவுல நின்னு, உள்ள இருந்த டிரைவரைப் பாத்து ஒரு நிமிஷம் இருன்னு கையைக் காட்டினாங்க. பேக்கரிக்காரர் போனைக் காதுல வச்சபடி, பதிலுக்காக நின்னுக்கிட்டு இருந்தாரு.